இடப்பக்க நாற்காலி

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவளைப் பற்றி இனிமேல் நான் நல்லதாகச் சொல்லப்போவதை நம்புவீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் போட்டுக் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள். அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. என் கணவரின் அக்கா என்பதால் வாய் நிறைய "அண்ணி" என்று கூப்பிடுவேன், மனதுக்குள் வேறு பெயர்கள் வைத்திருந்தேன்.

அண்ணிக்கு வேலை நாற்காலி போடுவது. சிரிக்க வேண்டாம், நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். ஊருக்கு நடுவில், கண்ணாடிக் கதவு வைத்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் கொள்கை ஆய்வு மையம் என்று ஒன்று இருந்தது. படித்தவர்கள் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு யோசனை எழுதித் தரும் இடம். நாட்டுக்கு எது நல்லது என்று யோசிக்க அவர்களுக்கு மாதச் சம்பளம். அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது லாரி முதலாளிகள் சங்கம். வாசல் பலகையில் மட்டும் "சுதந்திரமான அமைப்பு" என்று போட்டிருக்கும். அந்தச் சுதந்திரம் மாதம் தவறாமல் சங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

மையத்தில் அடிக்கடி கூட்டம் நடக்கும். அதிகாரிகள், பேராசிரியர்கள், முதலாளிகள் எல்லாரும் வருவார்கள். யார் எந்த மேஜையில், யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று பெயர் அட்டைகளை மடித்து வைப்பது அண்ணியின் பொறுப்பு. அங்கே எல்லாரும் அவளை "நாற்காலி அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். மையத்தின் டைரக்டருக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்.

"காலையில மேடையில பேசறதெல்லாம் போட்டோவுக்கு" என்பாள் அண்ணி. "கோடு கோடா படம் காட்டுவாங்க, பாதிப் பேர் தூங்குவாங்க. சட்டம் எல்லாம் மத்தியானம் சாப்பாட்டு மேஜையிலதான் ஆகுது. சூப்பு வரும்போது குடும்பத்தை விசாரிப்பாங்க. சோறு வரும்போது விஷயத்தை எடுப்பாங்க. ஐஸ்கிரீம் வரும்போது செயலாளர் தலையை ஆட்டிடுவாரு. அவ்வளவுதான், நாட்டுக்கு ஒரு புதுச் சட்டம்."

அவள் சொன்ன செயலாளர் போக்குவரத்துத் துறையின் செயலாளர். மந்திரிகள் வருவார்கள் போவார்கள், கையெழுத்துப் போடுகிற கை அவருடையதுதான். மனிதர் கறாரானவர், கைநீட்டாதவர் என்று பெயர். ஆனால் மையத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் மட்டும் மையம் சொன்னதற்குத் தலையாட்டிவிடுவார். தன் வாதத்திறமைதான் காரணம் என்று டைரக்டர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குத் தன் மீது இருந்த காதல் அப்படி.

உண்மைக் காரணம் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். செயலாளருக்கு வலது காது கேட்காது. அதை வெளியே காட்டிக்கொள்ளாதவர். ஒருநாள் பரிமாறுகிறவர் வலப்பக்கம் நின்று "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்று மூன்று முறை கேட்டும் அவர் அசையாமல் சிரித்தபடி இருந்திருக்கிறார். அண்ணி இடப்பக்கம் போய்க் கேட்டதும் சட்டென்று பதில் சொல்லியிருக்கிறார். அண்ணி அதை யாரிடமும் சொல்லவில்லை. மனிதரின் மானம், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவர் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று மையம் விரும்பியதோ அந்த ஆளை இடப்பக்கம் உட்கார வைத்தாள். வாங்குகிற சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை செய்தாள், அவ்வளவுதான்.

அப்படி ஒழுங்காகச் செய்த வேலைகளில் ஒன்றுதான் என் தாலியில் வந்து விழுந்தது.

எட்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் டிரைவர் இறங்கி ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. முதலாளிகளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. டைரக்டர் உட்கார்ந்து ஒரு ஆய்வு எழுதினார். களைப்பு என்பது தனிமனித ஒழுக்கம் சார்ந்த விஷயம், அதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவது தொழிலை முடக்கும் என்று முடித்திருந்தார். வழக்கம்போல கூட்டம் நடந்தது, சாப்பாடு நடந்தது, சங்கத் தலைவர் செயலாளருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். பரிசோதனை முறையில் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பரிசோதனை என்றால் யார் மீதாவது செய்து பார்க்க வேண்டும் அல்லவா. என் கணவர் லாரி டிரைவர். சரக்கை இறக்கிய இடத்திலேயே மறுபடியும் ஏற்றி, தூங்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகு, ஒரு வண்டிகூட எதிரே வராத நேரான சாலையில், பாலத்துத் தூணில் கொண்டுபோய் மோதினார்.

அண்ணி துக்கம் முடிந்து வேலைக்குப் போன அன்று டைரக்டர் அவள் மேஜைப் பக்கம் வந்திருக்கிறார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கேள்விப்பட்டேம்மா. பாவம். வண்டிய ஓரமா நிறுத்தி ஒரு தூக்கம் போட்டிருக்கலாம்" என்றிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா சார்னு சொன்னேன்."

அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். முழுசாகக் குடித்தாள், பரவாயில்லை என்று சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என் தம்பியைக் கொன்னுட்டு, அவன்தான் ஒழுக்கம் இல்லாதவன்னு என்கிட்டயே சொல்றான். அதுக்கு நாற்காலி போட்டவ நான். இவனை நான் விடமாட்டேன்" என்றாள்.

"நானும் விடமாட்டேன்" என்றேன். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

என் யோசனையெல்லாம் சின்னத்தனமாக இருந்தது. கட்டடத்தின் கண்ணாடிக் கதவில் கல்லெறிய வேண்டும், அந்த ஆளின் சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும், அவர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று தினம் ஒன்று சொல்வேன். அண்ணி பொறுமையாகக் கேட்பாள். "கல்லெறிஞ்சா கதவு மாத்துவாங்க. நீ ஜெயிலுக்குப் போவ. சட்டம் அப்படியே இருக்கும். அவன் எதை வெச்சு நம்மள அடிச்சானோ அதை வெச்சுத்தான் அவனை அடிக்கணும்" என்பாள்.

காத்திருந்தோம். அதற்குள் என் மகனும் அதே கம்பெனி லாரியில் ஏறிவிட்டான். வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்கள் ஒருவரும் வேலை வாங்கித் தரவில்லை. அவன் வீடு திரும்பும்போது கண் இரண்டும் அவன் அப்பாவின் கண் மாதிரியே சிவந்திருக்கும். தட்டில் கை வைத்தபடியே தூங்குவான். அந்தச் சமயத்தில்தான் பரிசோதனை வெற்றி, இனி ஓய்வுச் சட்டம் நிரந்தரமாகவே வேண்டாம் என்று மையம் ஒரு பெரிய கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது. பழி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மேஜையில் தலையாட்டல் நடந்துவிட்டால் என் பிள்ளையும் ஏதோ ஒரு பாலத்துக்குத்தான் போய்ச் சேருவான்.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு எல்லாத் தரப்பையும் கூப்பிட்டதாகக் காட்டிக்கொள்வது மையத்தின் வழக்கம். ஒத்துவராதவர்களுக்கும் அழைப்பு போகும், ஆனால் சமையலறைக் கதவை ஒட்டிய மேஜையில் போட்டுவிடுவார்கள். பாத்திரச் சத்தத்தில் அவர்கள் பேசுவது அவர்களுக்கே கேட்காது. இந்தத் தடவை அந்த மேஜைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சங்கத்தின் தலைவி ஒருத்தி இருந்தாள். தூங்கி மோதுகிற லாரிகளுக்கெல்லாம் பணம் கட்டிக் கட்டி அவர்களுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. ஓய்வுச் சட்டம் திரும்ப வர வேண்டும் என்று எங்கள் அளவுக்கு ஆசைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

அண்ணி டைரக்டரிடம் போய்ப் பேசியதை என் முன்னால் நடித்தே காட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு, குரலைக் குழைத்து, பார்க்கவே சகிக்கவில்லை.

"சார், சங்கத் தலைவரை எப்பவும் இடப்பக்கமே உக்கார வைக்கிறோம். பெரிய மனுஷர். இந்தத் தடவை செயலாளருக்கு வலப்பக்கம் போட்டா மரியாதையா இருக்குமே சார்."

"அட, ஆமாம்மா. இதை நான் யோசிக்கவே இல்ல. அப்படியே செய்ங்க."

"போன தடவை பத்திரிகையில படத்தைப் போட்டு, மேஜை பூரா ஆம்பளைங்கதான்னு கிண்டல் பண்ணிட்டாங்க சார். இடப்பக்கம் ஒரு பொம்பளை இருந்தா படத்துக்கு நல்லா இருக்கும். பட்டியல்ல பெரிய பதவியில இருக்கறது அந்த இன்சூரன்ஸ் அம்மா ஒருத்தங்கதான்."

டைரக்டர் யோசித்தாராம். பிறகு, "இருக்கட்டும். சங்கத் தலைவர் பக்கத்துலயே இருக்காரே, அவர் பாத்துக்குவார்" என்றாராம். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. இவ்வளவு விவரமான வேலைக்காரி வேறு எந்த மையத்துக்குக் கிடைப்பாள்?

இன்னொரு நாற்காலியும் இருந்தது. பெரிய மேஜையில் செயலாளருக்கு எதிரே எப்போதும் ஒரு சாமான்யரை உட்கார வைப்பார்கள். விவசாயச் சட்டம் என்றால் ஒரு விவசாயி, பள்ளிச் சட்டம் என்றால் ஒரு தாய். மக்கள் குரல் என்று அதற்குப் பெயர். பேச வேண்டியதை முன்பே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆளைப் பிடித்து வருவது அண்ணி பொறுப்பு, டைரக்டர் அந்த முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். இந்த முறை டிரைவர் வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும், கூடுதல் நேரம் ஓட்டினால்தான் பிள்ளைகள் படிக்க முடியும் என்று அவள் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"நீதான் வர்ற" என்றாள் அண்ணி.

"அந்த ஆளைப் பாத்தா என் வாய் சும்மா இருக்காது அண்ணி."

"இருக்கணும். கத்தினா, பாவம் ஏதோ துக்கத்துல பேசறாள்னு தண்ணி குடுத்து வெளிய கூட்டிட்டுப் போயிடுவாங்க. சாப்பிடு. கேட்டா மட்டும் பதில் சொல்லு. மிச்சத்தை அந்த இன்சூரன்ஸ் அம்மா பேசிக்குவா."

போனேன். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டிருந்தேன், சாமான்யருக்கு அது அதிகம் என்று அண்ணி மாற்றச் சொல்லிவிட்டாள். உணவுக்கூடத்தில் வெள்ளை விரிப்பு போட்ட வட்ட மேஜைகள், நடுவில் பூச்சாடி. டைரக்டர் என்னைக் கடந்து போனபோது தலையை லேசாக அசைத்தார். என் கணவருடைய சாவுக்கு ஆறுதல் சொன்ன மனிதர், செத்தவரின் மனைவி அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாமலேயே துணியை மடியில் விரித்துக்கொண்டார். சூப்பைத் தூக்கி அவர் முகத்தில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். நல்ல சூப்பு, அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சங்கத் தலைவர் ஆரம்பித்தார். செயலாளரின் வலது காதுக்குள் குனிந்து, கையை ஆட்டி ஆட்டி, தொழில், வளர்ச்சி, ஏற்றுமதி என்று கொட்டினார். செயலாளர் அழகாகச் சிரித்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார் என்று தலைவர் இன்னும் உற்சாகமாகப் பேசினார். இடப்பக்கம் இன்சூரன்ஸ் தலைவி சோறு வரும்வரை வாயே திறக்கவில்லை. வந்ததும் மெல்லிய குரலில், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல ஆரம்பித்தாள். ஓய்வுச் சட்டம் நின்ற பிறகு மோதல்கள் எவ்வளவு கூடின, அதில் தனியாகப் போய்ச் சாலையோரம் மோதினவை எத்தனை, பள்ளி வேன் ஒன்று தப்பியது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். செயலாளரின் கை நின்றது. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறாராம்மா?"

"ஓட்டினார் சார்."

"இப்ப?"

"பாலத்துல மோதிட்டார் சார். தூங்காம அனுப்பினாங்க. இப்ப அதே வண்டிக் கம்பெனியில என் பையன் ஓட்டறான்."

அழவில்லை, கத்தவில்லை. தண்ணீர் கேட்பது போலத்தான் சொன்னேன். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. சுவரோரம் நின்றிருந்த அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அண்ணி ஒரு காலி நாற்காலியை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் வந்தது. செயலாளர் தொடவில்லை, தலையும் ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரசரவென்று நடந்தது. ஓய்வுச் சட்டம் முன்னைவிடக் கறாராகத் திரும்ப வரப்போகிறது என்று செய்தி வந்தது. கொடுத்த காசுக்குச் சட்டம் வரவில்லை என்றால் முதலாளிகளுக்கு யோசனைக்காரர்கள் எதற்கு? சங்கம் மையத்தைக் கைகழுவியது. அண்ணியை டைரக்டர் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பார், ஆனால் என்ன காரணம் சொல்வார்? வலப்பக்கம் மரியாதை என்று ஒத்துக்கொண்டது அவர். படத்துக்கு நல்லது என்று ஒத்துக்கொண்டதும் அவர்தான். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் வேலை போனது.

டைரக்டர் மூட்டை கட்டுகிற அன்று நானும் போய் வாசலில் நின்றேன். இதைப் பார்க்காமல் என்ன பிழைப்பு? கையில் அட்டைப்பெட்டி, அதில் புத்தகங்களும் ஒரு விருதுக் கேடயமும். கண்கள் குழி விழுந்திருந்தன, தூங்கிப் பல நாளாகியிருக்கும். அண்ணிதான் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன் சார். பாவம். வண்டிய ஓரமா நிறுத்தி ஒரு தூக்கம் போட்டிருக்கலாம்" என்றாள்.

அவர் நின்றார். குழப்பமாக அவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க? எந்த வண்டி?"

அவருக்கு நினைவே இல்லை. நாங்கள் எத்தனையோ நாள் நெஞ்சில் சுமந்த வார்த்தையை அவர் சொன்ன இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஆங்காரம் தலைக்கேறியது. அட்டைப்பெட்டியைத் தட்டிவிட்டேன். கேடயம் படியில் உருண்டு போனது. அதை அவர் குனிந்து பொறுக்கினதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் பசி அப்படியே இருந்தது.

சட்டம் வந்தது. என் மகன் முதல் தடவையாக மூன்று நாள் வீட்டில் இருந்து தூங்கினான். அடுத்த நடைக்குப் போய்த் திரும்பியபோது சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் போட்டான்.

"என்னடா இது?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போடணும்மா. வழியில சட்டப்படி ஓய்வெடுத்துட்டேன், எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு. போட்டாத்தான் சாவி குடுக்கறாங்க."

"நீ ஓய்வெடுத்தியா?"

"எங்கம்மா எடுக்கிறது? போன மாசம் மாதிரியேதான் ஓட்டினேன்."

புதுச் சட்டத்தில் இன்சூரன்ஸ் சங்கம் கேட்டு வாங்கிய ஒரு உட்பிரிவு இருந்தது. நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி மோதினால் அது டிரைவரின் குற்றம், அவன் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் ஒன்றும் தர வேண்டியதில்லை. முதலாளி கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு தப்பித்தான். இன்சூரன்ஸ்காரன் அந்தக் கையெழுத்தே பொய் என்று காட்டித் தப்பித்தான். என் எதிரே உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிய அந்தப் பெண், சாப்பாட்டின் நடுவில் என்னிடம் உப்பை வாங்கிக்கொண்டாள், நன்றி என்றாள். என் கணவரின் சாவைத் தூக்கித் தட்டில் வைத்து அவள் வேண்டியதை வாங்கிக்கொண்டாள். அதற்குத் தட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். டைரக்டரிடம்கூட எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை.

அண்ணியை வரச் சொன்னேன். என் மகன் மறுபடியும் விஷயத்தைச் சொன்னான். அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தாள். அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"அத்தை, நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றான் அவன்.

"அந்த இன்சூரன்ஸ் அம்மா போன வாரம் ஆள் அனுப்பியிருந்தா" என்றாள் அண்ணி, என்னைப் பார்த்து. "அவங்களும் ஒரு மையம் ஆரம்பிக்கிறாங்களாம். அன்னிக்கி மேஜை போட்டது ரொம்பப் பிடிச்சுதாம், என்னையே வரச் சொன்னா. வேண்டாம்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"இப்ப?"

"திங்கக்கிழமை போறேன்."

நான் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"செயலாளர் ஓய்வு பெறப்போறாராம்" என்றாள். "புதுசா வர்றவருக்கு ரெண்டு காதும் நல்லாவே கேக்குமாம். வேற என்ன குறைன்னு பக்கத்துல நின்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

"அதுவரைக்கும் இவன்?" என்றேன். சாப்பிட உட்கார்ந்த என் மகன் தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தான்.

அண்ணி மீதிக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்கு என் நல்ல புடவையை இரவல் கேட்டாள்.